சின்னம் குத்திய முதல் தவணை: புதிய மாணவத் தலைவருக்கான முழுமையான வழிகாட்டி

சின்னஞ்சூட்டு விழாவுக்கு அடுத்த நாள் காலை 7 மணிக்குப் பாடசாலை வாசலில் நிற்கும் உயர்தர மாணவர் ஒருவரிடம் என்ன அதிகாரம் இருக்கிறது? எண்ணிப் பார்த்தால் ஒரு விரல் மடக்கவும் வேலையில்லை. அடிக்க முடியாது. வெயிலில் நிறுத்தவோ முழங்காலில் இருத்தவோ முடியாது. ஆசிரியர்களே உடல்தண்டனை கொடுக்கக் கூடாது என்கிறது கல்வி அமைச்சின் சுற்றறிக்கை. அப்படியிருக்க மாணவத் தலைவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்? பெயரைக் குறித்து ஆசிரியரிடம் கொடுக்கலாம், அவ்வளவுதான். மிச்சமிருப்பது நீங்கள் கதைக்கிற விதமும் நீங்களே நடந்துகொள்கிற விதமும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளில் புதிதாகச் சின்னம் வாங்குபவர்களுக்காக, முதல் தவணையில் அந்த இரண்டையும் எப்படிப் பழக்கிக்கொள்வது என்று வரிசையாகச் சொல்கிறோம்.

முதல் நான்கு வாரம்: பெயர்கள்

எல்லாவற்றுக்கும் முதல் செய்ய வேண்டியது இது. பலர் செய்யாமல் விடுவதும் இதுதான். உங்களுக்குப் பொறுப்பாகத் தரப்படும் இரண்டு கீழ் வகுப்புகளில் ஏறத்தாழ 80 பிள்ளைகள் இருப்பார்கள் என்று வையுங்கள். நாளொன்றுக்கு நான்கு பெயர், கிழமைக்கு ஐந்து நாள். நான்கு கிழமையில் முடிந்துவிடும்.

ஒரேயடியாக வகுப்புக்குள் போய் வரவு இடாப்பை வாங்கிப் பாடமாக்க வேண்டாம். இடைவேளையில் நான்கு பேரிடம் தனித்தனியாகப் போங்கள். உங்கள் பெயரை முதலில் சொல்லுங்கள், பிறகு அவர்களுடையதைக் கேளுங்கள். அந்தக் கதை முடிவதற்குள் பெயரை மூன்று தரம் வாயால் சொல்லிவிடுங்கள்: கேட்டவுடன் ஒருதரம், நடுவில் ஒருதரம், போகும்போது ஒருதரம். கூடவே ஒரு கேள்வி: எந்த ஊர், எதில் வருகிறீர்கள், வீட்டில் யார் யார். அன்று பின்னேரம் சின்னக் கொப்பியொன்றில் பெயர், வகுப்பு, அந்த ஒரு விடயம் மூன்றையும் குறியுங்கள். அடுத்த நாள் அதே நான்கு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பிழைத்தால் சிரித்துக்கொண்டு திரும்பக் கேளுங்கள், பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

இவ்வளவு மினக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. "ஏய், சிவப்பு பேக்!" என்று கூப்பிடப்படும் பிள்ளை ஓடத்தான் பார்க்கும். "தனுஜன், கொஞ்சம் நில்லுங்க" என்றால் நிற்கும். பெயர் தெரிந்த இடத்தில் குரலை உயர்த்தத் தேவை வருவதில்லை.

பட்டப்பெயரை மட்டும் எக்காரணம் கொண்டும் பாவிக்க வேண்டாம், அந்தப் பிள்ளையே சிரித்தாலும். மாணவத் தலைவர் ஒருதரம் சொன்னால் அந்தப் பட்டப்பெயருக்கு முத்திரை குத்தியது போல. பிறகு உயர்தரம் முடிக்கும்வரை அது அந்தப் பிள்ளையை விடாது.

வாசல்: பிந்தி வருகிறவர்கள்

பெரும்பாலான பாடசாலைகள் 7.30க்குத் தொடங்கும். வாசலில் இரண்டு பேர் 7 மணிக்கே நிற்க வேண்டும். ஒருவர் வரவேற்பதற்கு, மற்றவர் எழுதுவதற்கு. ஒரே ஆள் இரண்டையும் செய்தால் தலை கொப்பிக்குள் குனிந்துவிடும், வருகிற பிள்ளைக்குத் தெரிவது உச்சந்தலை மட்டும்தான். வாசலின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். நடுவில் நிற்பவர் பொலிஸ் சோதனைச் சாவடி மாதிரித் தெரிவார்.

பிந்தி வந்த பிள்ளையிடம் இந்த ஒழுங்கில் நடந்துகொள்ளுங்கள். முதலில் காலை வணக்கம். இரண்டாவது, மூச்சு வாங்க விடுங்கள். சைக்கிள் மிதித்து வந்த பிள்ளைக்கு அரை நிமிடமாவது வேண்டும். மூன்றாவது, மற்றவர்கள் காதில் விழாத பக்கமாகக் கூப்பிட்டு, "எங்க இருந்து வாறீங்க, எதில வந்தீங்க?" என்று கேளுங்கள். "ஏன் லேட்?" என்று தொடங்கினால் பொய்தான் பதிலாக வரும். எங்கிருந்து என்று கேட்டால் பாதிக் காரணம் தானாக வந்துவிடும். நான்காவது, பெயர், வகுப்பு, ஊர், காரணம் நான்கையும் எழுதுங்கள். காரணத்துக்கு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது, உடனே வகுப்புக்கு அனுப்புங்கள். எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. பிந்தியதற்குத் தண்டனையாக வாசலில் வைத்திருந்தால் இன்னும் பிந்தும், அந்தப் பாடவேளையும் போய்விடும்.

இந்த மாவட்டங்களில் பிந்துவதற்கான காரணங்கள் எல்லாம் சோம்பேறித்தனமல்ல என்பது கொப்பியை எழுதினால்தான் தெரியும். வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கங்களில் இரவு யானை ஊருக்குள் வந்திருந்தால் காலையில் பிள்ளையைத் தனியே அனுப்பமாட்டார்கள். வாவியைப் பாதையில் (ஆட்களை ஏற்றி இறக்கும் மிதவையில்) கடந்து வருகிறவர்களுக்குப் பாதை அந்தக் கரையில் நின்றால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கார்த்திகை, மார்கழி மழையில் கிட்டங்கித் தாம்போதிக்கு (தாழ்வான பாலத்துக்கு) மேலால் தண்ணீர் பாய்ந்தால் நாவிதன்வெளிப் பக்கத்துப் பிள்ளை கல்முனைக்கு நேரத்துக்கு வரவே முடியாது. அப்படியான நாளில் வராமல் இருப்பதுதான் சரி. அறுவடைக் காலத்தில் வயலில் நின்றுவிட்டு வருகிற பிள்ளையும் உண்டு.

இரண்டு கிழமைக்கு ஒருதரம் கொப்பியை விரித்து வைத்து ஒரே பெயர் மூன்று தரத்துக்கு மேல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். ஒரே ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அது பஸ் நேரத்துப் பிரச்சினை. அதைப் பொறுப்பாசிரியர் மூலம் அதிபருக்குக் கொண்டுபோங்கள். இந்தக் கொப்பியால் கிடைக்கிற உண்மையான பயன் இதுதான்.

சீருடை, தலைமுடி, சப்பாத்து விடயங்களில் ஒரு கட்டுப்பாடு: எந்தப் பிள்ளையையும் தொட வேண்டாம். சட்டைக் கொலரை இழுப்பது, முடியைப் பிடித்துப் பார்ப்பது எதுவும் வேண்டாம். பெண் பிள்ளைகளின் உடை பற்றிப் பெண் மாணவத் தலைவர்தான் கதைக்க வேண்டும், அதுவும் தனியாக. கிழிந்த சப்பாத்துடன் தொடர்ந்து வருகிற பிள்ளைக்கு வேறு சப்பாத்து இல்லாமல் இருக்கலாம். அந்தப் பெயர் தவறுப் பட்டியலுக்குப் போகக் கூடாது. வகுப்பாசிரியரின் காதுக்குப் போனால் போதும்.

திருத்திக் கதைப்பது எப்படி

மாணவத் தலைவரின் வேலையில் முக்கால்வாசி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். ஒரு பிள்ளை குப்பையை வாய்க்காலுக்குள் எறிகிறது, அல்லது குழாயடியில் சின்னப் பிள்ளையைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் பிடிக்கிறது. நீங்கள் பார்த்துவிட்டீர்கள். என்ன செய்வது?

கிட்டப் போங்கள். தூரத்திலிருந்து கத்தினால் சுற்றி நிற்கிற இருபது பேரும் திரும்புவார்கள். பார்வையாளர் சேர்ந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குத் தன் மானத்தைக் காப்பாற்றுவது மட்டும்தான் வேலை. ஒன்றரைக் கை தூரத்தில் நில்லுங்கள். நேரே முகத்துக்கு முன்னால் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டாக நில்லுங்கள். வழமையாகக் கதைப்பதைவிடக் குரலைக் கொஞ்சம் தாழ்த்துங்கள்.

பிறகு நான்கு பகுதி. பெயர். கண்டது. அதனால் என்ன நடந்தது. இப்போது என்ன செய்ய வேண்டும்.

"ரிஷாந், தம்பி. அந்தத் தங்கச்சிய நீங்க தள்ளினத கண்டன். அவட போத்தல் விழுந்து தண்ணியெல்லாம் ஊத்துண்டு போச்சு. போத்தல எடுத்து நிரப்பிக் குடுத்திட்டு உங்கட முறைக்கு வாங்க."

இவ்வளவுதான். இதில் "நீ எப்பவும் இப்படித்தான்" இல்லை, "உங்கட வீட்டில இதையா பழக்கின?" இல்லை. கண்டதை மட்டும் சொன்னால் மறுக்க முடியாது. குணத்தைச் சொன்னால் பிள்ளை அதை மறுக்கத் தொடங்கும், நீங்களும் விவாதத்துக்குள் இழுபடுவீர்கள். வீட்டைச் சொன்னால் அடுத்த நாள் தாய் பாடசாலைக்கு வந்து நிற்பார், நியாயமும் அவர் பக்கம்தான் இருக்கும்.

சொன்னதைச் செய்து முடித்ததும் "சரி தம்பி, போங்க" என்று விட்டுவிடுங்கள். இரண்டாம் தரம் புத்தி சொல்ல வேண்டாம். செய்ய மறுத்தால் ஒரே ஒருதரம் அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். பிறகும் மறுத்தால், "சரி, நான் இத டீச்சரிட்ட சொல்லோணும், சொல்லிட்டுத்தான் சொல்றன்" என்று அறிவித்துவிட்டு அப்படியே செய்யுங்கள். சொல்லிவிட்டுச் செய்யாமல் விடுவது எல்லாவற்றிலும் மோசம். மூன்று நாளில் அது வகுப்பு முழுக்கப் பரவிவிடும்.

நீ, நீங்க என்பதில் ஒரு வார்த்தை. நமது பக்கத்தில் தம்பி, தங்கச்சி என்று கூப்பிட்டு "நீங்க" போடுவது சிறியவர்களுக்கும் வழக்கம்தான். கோபம் வந்ததும் "நீ"க்கு இறங்குவதைத்தான் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கோபத்திலும் "நீங்க" சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முஸ்லிம் பிள்ளைகள் உங்களைக் காக்கா, ராத்தா என்று கூப்பிட்டால் அண்ணா, அக்கா என்று திருத்தப் போக வேண்டாம். அது மரியாதையாகத் தந்த சொல்.

பகிடியும் இதற்குள் வரும். நமது ஆட்கள் பகிடிக்குக் குறைவில்லை. ஆனால் சின்னம் குத்தியவர் சிறியவரைப் பார்த்து விடும் பகிடிக்குத் திருப்பிப் பகிடி விட அந்தப் பிள்ளையால் முடியாது. ஒரு பக்கம் மட்டும் விடக்கூடிய பகிடி ஏச்சுத்தான். உங்களை நீங்களே பகிடி பண்ணுவதில் குற்றமில்லை.

மச்சான் பிரச்சினை

கிராமத்துப் பாடசாலையில் வகுப்பில் பாதிப் பேர் மச்சான் முறை, மச்சாள் முறை, பெரியம்மாவின் பிள்ளை. பட்டணத்துப் பெரிய பாடசாலையில் சொந்தம் குறைவு, ஆனால் ஒரே டியூசனுக்குப் போகிற கூட்டாளிகள் உண்டு. மாணவத் தலைவர்களின் பெயர் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கண்டிப்பாக இருந்து யாரும் பெயர் கெடுவது குறைவு. ஆள் பார்த்துக் கண்டிப்பாக இருந்து கெட்டவர்கள்தான் அதிகம்.

சின்னம் குத்திய முதல் கிழமையிலேயே கூட்டாளிகளை இருத்தி வைத்துக் கதையுங்கள். "மச்சான், வாசலில நிக்கக்குள்ள உன்ர பெயரும் எழுதுவன். எழுதாம விட்டா நாளைக்கு எனக்கு ஒருத்தனும் மதிப்புத் தரமாட்டான். அதுக்காக என்னோட கோவிக்காத." முதலே சொல்லிவிட்டால் அந்த நாள் வரும்போது அது துரோகமாகத் தெரியாது. அப்படியும் கை நடுங்கினால் இன்னொரு வழி இருக்கிறது: உங்கள் தம்பியோ நெருங்கிய கூட்டாளியோ சம்பந்தப்பட்ட விடயத்தைப் பக்கத்தில் நிற்கும் மற்ற மாணவத் தலைவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குங்கள். ஒதுங்குவதை வாய்விட்டுச் சொல்லியே ஒதுங்குங்கள். சொல்லாமல் போனால் மறைத்தது போலாகிவிடும்.

எதிர்ப் பக்கத்துப் பிழையும் நடக்கும். நடுநிலையைக் காட்டுவதற்காகச் சொந்தத் தம்பியை மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏசுவது. அதுவும் அநியாயம்தான்.

சண்டை நடந்தால்

இரண்டு பேருக்கும் நடுவில் புக வேண்டாம். பிழைபோகிற இடம் இதுதான். விலக்கப் போனவருக்கு அடி விழும், பிறகு அவரும் அடித்தார் என்று கதை வரும். ஒருவரை உடனே ஆசிரியரைக் கூட்டிவர அனுப்புங்கள். சுற்றி நிற்பவர்களைக் கலையுங்கள், பார்வையாளர் இல்லாவிட்டால் சண்டையின் சூடு பாதி இறங்கிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இங்கேதான் அந்த 80 பெயரும் கைகொடுக்கும்.

விலகிய பிறகு இருவரையும் ஒருவரையொருவர் பார்க்க முடியாத இரண்டு இடத்தில் இருத்துங்கள். தண்ணீர் கொடுங்கள். பத்து நிமிடம் எதுவும் கேட்க வேண்டாம். பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாக மூன்று நிமிடம்: "என்ன நடந்த?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "அவன் கெட்ட வார்த்தையால் ஏசினான்" என்று நீங்கள் சுருக்கினால், ஏசிய சொல் தாயைப் பற்றியதா சாதியைப் பற்றியதா என்பது காணாமல் போகும். ஆசிரியருக்கு அதுதான் தேவை.

எழுதியதை ஆசிரியரிடம் கொடுங்கள். யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையல்ல. "கையக் குடுத்துச் சமாதானமாகுங்க" என்று அந்த இடத்திலேயே வற்புறுத்தவும் வேண்டாம். கை கொடுப்பார்கள்தான், மிச்சத்தைப் பாடசாலை விட்ட பிறகு றோட்டில் தீர்ப்பார்கள். அன்று 1.30க்கு மணி அடிக்கும்போது இருவரும் வெவ்வேறு நேரத்தில் வெளியேறுகிறார்களா என்று பொறுப்பாசிரியரிடம் கேட்டு ஒழுங்கு செய்வது அதைவிடப் பிரயோசனம்.

வாக்குக் கொடுக்கக் கூடாத இரகசியம்

பெயர் தெரிந்து, மரியாதையாகக் கதைக்கிற மாணவத் தலைவரிடம் ஒருநாள் ஒரு சின்னப் பிள்ளை வந்து, "ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்கும். சத்தியம் பண்ண வேண்டாம். "உங்களுக்கு ஆபத்து இல்லாத விசயம் எண்டா ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். ஆபத்தான விசயம் எண்டா உதவி செய்யக்கூடிய ஒரு ஆளிட்ட மட்டும் சொல்லுவன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பெரும்பாலும் பிள்ளை சொல்லும்.

அடி, தவறான தொடுகை, வீட்டில் சாப்பாடில்லாமை, தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம், இவற்றில் எதைக் கேட்டாலும் அன்றைக்கே ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடமோ நீங்கள் நம்பும் ஆசிரியரிடமோ போங்கள். கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துருவ வேண்டாம். "சொன்னது நல்லம், உங்கட பிழை இல்ல" என்பது போதும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. மனநல உதவிக்கு 1926. இந்த இரண்டையும் வாசல் கொப்பியின் முன் அட்டையில் எழுதி ஒட்டுங்கள். கேட்ட கதையை மாணவத் தலைவர் கூட்டத்தில் சொல்லக் கூடாது, பெயரை மறைத்தும் கூடாது. சின்ன ஊரில் பெயரை மறைத்தாலும் ஆள் தெரியும்.

கடமைப் பட்டியலும் கூட்டமும்

24 மாணவத் தலைவர்கள், ஆறு கடமை இடங்கள், இடத்துக்கு இருவர் என்றால் ஒரு நாளைக்கு 12 பேர். ஒருவருக்கு ஒரு கிழமை மூன்று நாள், அடுத்த கிழமை இரண்டு நாள் வரும். சோடியை இரண்டு கிழமைக்கு ஒருதரம் மாற்றுங்கள். பழைய கூட்டாளிகள் இருவரை ஒரே இடத்தில் போட்டால் கதைத்துக்கொண்டு நிற்பார்கள். எல்லோரும் விரும்பாத இடமான கழிவறைப் பக்கத்துக்குப் பிரதம மாணவத் தலைவரின் பெயர்தான் முதலில் வர வேண்டும். அதைப் பார்த்த பிறகு மற்றவர்கள் பட்டியலைப் பற்றி முறைப்பட மாட்டார்கள்.

கூட்டம் கிழமைக்கு ஒன்று, 20 நிமிடம், நின்றுகொண்டு. புதிய ஆட்கள் முதலில் கதைக்கட்டும், பிரதம மாணவத் தலைவர் கடைசியில். பெரியவர் முதலில் அபிப்பிராயம் சொன்னால் மற்ற எல்லோரும் தலையாட்டுவார்கள்.

மேடை

காலைக் கூட்டத்தில் பேசுவதற்கு இரண்டு நிமிடம் போதும். கையெழுத்தில் ஒரு பக்கத்தை அவசரமில்லாமல் வாசிக்கிற நேரம். பொதுவான புத்திமதியை விட்டுவிட்டு ஓர் ஆள், ஓர் இடம், ஒரு செயல் என்று எடுங்கள். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் பற்றிப் பேசுவதாக வையுங்கள். "பெரும் புலவர்" என்று இரண்டு நிமிடமும் புகழ்ந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஒரு துறவி ஏன் பாடசாலைகளை நடத்தினார், மட்டக்களப்பில் சிவானந்தா வித்தியாலயம் ஏன் வேண்டியிருந்தது என்ற ஒரு கேள்வியைப் பிடித்தால் கேட்பார்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு பேச்சையாவது உங்களைவிடச் சிறிய, வெட்கப்படுகிற பிள்ளைக்குக் கொடுங்கள். முதல் நாள் வெறும் மண்டபத்தில் மூன்று தரம் பேச வைத்து, நீங்கள் கடைசி வரிசையில் நின்று கேளுங்கள்.

விளையாட்டுப் போட்டிக் காலம்

இல்ல விளையாட்டுப் போட்டியில் கோபம், அழுகை, மயக்கம் மூன்றும் சேர்ந்து வரும். தண்ணீர் ஒரு பிள்ளைக்குக் குறைந்தது ஒரு லீற்றர் என்று கணக்கிடுங்கள்; 300 பேருக்கு 300 லீற்றர், பாதி 10 மணிக்கு முன்பே மைதானத்தில் இருக்க வேண்டும். நோன்பு காலமென்றால் நோன்பு பிடிக்கிற பிள்ளைகளை வெயில் வேலைக்குப் போட வேண்டாம். விரதம் இருக்கிறவர்களுக்கும் இதே கணக்கு. தோற்ற இல்லத்துக் கூடாரத்துக்கு முடிவு அறிவித்த பத்து நிமிடத்துக்குள் வென்ற இல்லத் தலைவர் நேரில் போக வேண்டும். ஒலிபெருக்கியில் சொல்லும் வாழ்த்து அதற்கு ஈடாகாது.

படிப்பு

 கடமைக்காக ஒரு பாடவேளையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். அடிக்கடி அதற்கு மேல் போனால் பட்டியல் பிழை, அதைப் பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். கடமையைச் சாட்டி வகுப்புக்கு வெளியே சுற்றுவதை ஆசிரியர்களைவிடச் சிறிய பிள்ளைகள் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

பிழை விட்டால்

விடுவீர்கள். செய்யாத ஆளை ஏசியிருப்பீர்கள், அல்லது கோபத்தில் குரல் எழும்பியிருக்கும். 24 மணித்தியாலத்துக்குள் போய்ச் சொல்லுங்கள். பத்துப் பேருக்கு முன்னால் ஏசியிருந்தால் மன்னிப்பையும் அந்தப் பத்துப் பேருக்கு முன்னால்தான் கேட்க வேண்டும். தனியாகக் கேட்டால் ஏச்சு பகிரங்கம், மன்னிப்பு மட்டும் இரகசியம் என்றாகும். "நேத்து நான் உங்களப் பேசினது பிழை. போத்தல உடைச்சது நீங்க இல்ல. மன்னிச்சுக்கொள்ளுங்க." இதற்குப் பின்னால் "ஆனா" என்ற சொல் வரக் கூடாது. வந்தால் முன்னால் சொன்னது முழுக்க அழிந்துவிடும்.

சின்னத்தைக் கழற்றிக் கொடுக்கிற நாள் வரும்போது அடுத்தவருக்குக் கொப்பியைக் கொடுப்பீர்கள். அதற்கு முன் அதிலுள்ள தவறுப் பட்டியல்களைக் கிழித்து எடுத்துவிடுங்கள்; தரம் 7இல் பிந்தி வந்த பிள்ளை தரம் 8இல் புதுப் பிள்ளையாக இருக்கட்டும். பெயர், ஊர், எதில் வருகிறார் என்ற பக்கங்களை மட்டும் விட்டுவையுங்கள். எந்தத் தாம்போதியில் எந்த மாதம் தண்ணீர் ஏறுகிறது என்ற குறிப்பும் அதிலேயே இருக்கட்டும்.